பிஸ்டனுக்குத் தியானம் தெரியாது

நம் இலக்கிய வட்டாரத்தில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. ஸ்பேனர் பிடித்த கையைக் கண்டதும் அங்கே ஒரு ஞானியைக் கண்டுவிடுவது. ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட மோட்டார் சைக்கிள் நூலின் தலைப்பில் ‘ஜென்’ என்ற சொல் இருந்தது இதற்குப் பெரிதும் உதவியிருக்கிறது. ஆனால் அந்நூலைப் போற்றும் நண்பர்கள், அதன் முற்பகுதியிலேயே வரும் ஒரு சம்பவத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள். எஞ்சின் இறுகிப்போன வண்டியைக் கதைசொல்லி ஒரு பணிமனையில் விடுகிறார். வானொலி அலறிக்கொண்டிருக்க, அங்குள்ளவர்கள் கழற்றுகிறார்கள், மாட்டுகிறார்கள், இருந்ததையும் கெடுக்கிறார்கள். உண்மையான காரணம், எண்ணெய் செல்லும் வழியில் முறிந்து கிடந்த 25 சென்ட் பெறுமானமுள்ள ஒரு சிறு பின். அந்தப் பகுதியில் ஜென் ஏதுமில்லை. ‘ஏன் கெட்டது’ என்ற கேள்வியை எவரும் கேட்கவில்லை என்ற கோபம் மட்டுமே இருக்கிறது.

ஸ்னோமொபைல் எனப்படும் பனிவண்டியின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை வீட்டிலேயே பிரித்துக் கட்டுவதைப் பற்றி எழுதுவோரிடமும் இதே மயக்கத்தைக் காண்கிறேன். கியூபெக்கிலும் மினசோட்டாவிலும் வீட்டுக் கொட்டகைகளில் நடக்கும் இவ்வேலை மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சியாம்; நுகர்வுப் பண்பாட்டுக்கு எதிரான மௌனப் போராட்டமாம். இருக்கட்டும். அந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? கியூபெக்கின் வால்கோர்ட் என்னும் சிற்றூரில் ஜோசப்-அர்மாண்ட் பம்பார்டியே என்ற மெக்கானிக்கின் இரண்டு வயது மகன் 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இறந்தான். பனி மூடிய பாதையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. பனிமேல் ஓடும் வண்டிகளுக்கு அவர் முன்பே முயன்றுவந்தவர்தாம். அதன்பின் அம்முயற்சி ஒரு வெறியாகவே ஆயிற்று. பட்டைச் சக்கர அமைப்புக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். 1959இல் ‘ஸ்கி-டூ’ வந்தது. சில ஆண்டுகளில் ஆர்க்டிக் வேட்டையாடிகளின் நாய் வண்டிகள் இருந்த இடத்தில் இவ்வகை வண்டிகள் நின்றன. நாய் களைத்தால் தெரியும். எஞ்சின் முன்னறிவிப்பின்றி நிற்கும். உறைந்த ஏரியின் நடுவே மைனஸ் 30 டிகிரியில் நின்றுவிட்ட வண்டியின் உரிமையாளனுக்கு, அதைக் கட்டியவனின் மன அமைதியால் ஒரு பயனும் இல்லை.

என் சண்டை வீட்டில் வேலை செய்வதோடு அல்ல, பாதி வேலையோடு. எஞ்சின் பிடித்துக்கொண்டது, தலையைக் கழற்றினோம், பிஸ்டனில் கீறல், புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டோம், ஓடுகிறது. இதையே ‘மறுபிறவி’ என்று உருகி எழுதுகிறார்கள். நோயைத் தொடாமல் பிணத்தை மாற்றிய கதை இது.

டூ-ஸ்ட்ரோக்கில் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைப் போல அடியில் எண்ணெய்த் தொட்டி இல்லை. எரிபொருளோடு வரும் எண்ணெயே கிராங்கையும் பிஸ்டனையும் காக்கிறது. கலவையில் காற்று மிகுந்தால் வெப்பம் ஏறும். பெட்ரோலோடு எண்ணெய் முன்கூட்டியே கலந்து வரும் வண்டியானால் எண்ணெயும் அதே அளவில் குறையும். குளிர்காற்று அடர்த்தியானது. மைனஸ் 5க்குச் சரியாக இருந்த கார்புரேட்டர் ஜெட், மைனஸ் 30இல் போதாது. இது தெரியாதவன் எத்தனை பிஸ்டன் மாற்றினாலும் அத்தனையும் உருகும்.

உடைந்த பிஸ்டன் ஒரு பிரதி. அதை வாசிக்கலாம் (நம்மவர்களுக்குப் பிடித்த சொல்லைச் சொல்லிவிட்டேன்). சுற்றிலும் நான்கு இடங்களில் சம இடைவெளியில் சிராய்ப்பு இருந்தால், எஞ்சின் சூடாகுமுன் முறுக்கியிருக்கிறார்கள்: பிஸ்டன் விரிந்துவிட்டது, சிலிண்டர் இன்னும் விரியவில்லை. உச்சியில் ஓட்டை விழுந்திருந்தாலோ, வெளியேற்று வாயில் பக்க விளிம்பு உருகியிருந்தாலோ கலவையையும் பற்றவைப்பு நேரத்தையும் சந்தேகிக்க வேண்டும். இரட்டைச் சிலிண்டரில் ஒன்று மட்டும் கெட்டிருப்பதுதான் மிகத் தெளிவான வாக்குமூலம். பெட்ரோல் இரண்டுக்கும் ஒன்றே, ஓட்டியவனும் ஒருவனே. ஆகவே குற்றவாளி அந்தப் பக்கத்தில் மட்டும் இருப்பவன்: அடைத்த ஜெட், வெடித்த ரப்பர் குழல், அல்லது கிராங்க் முனையில் காற்றை உள்ளே விடும் தேய்ந்த சீல். பழைய பிஸ்டனைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுபவன் சாட்சியை அழிக்கிறான்.

சிலிண்டர் சுவரிலும் இதே அவசரம். பிற்கால வண்டிகளில் இரும்பு உருளை இல்லை. அலுமினியத்தின்மேல் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த மெல்லிய பூச்சு. அதில் ஒட்டிய பிஸ்டன் அலுமினியத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கரைத்துவிடலாம். பூச்சு பிழைத்திருந்தால் சிலிண்டரும் பிழைக்கும். பூச்சு உரிந்திருந்தாலோ அதே அமிலம் அடியிலுள்ள உலோகத்தையே தின்னும். அதைப் பழைய இரும்புச் சிலிண்டர் போலப் போர் போட்டுப் பெரிதாக்க நினைப்பது அறியாமை. மீண்டும் பூச்சிட அனுப்பத்தான் வேண்டும். உலோகத் துகள் கிராங்க் அறைக்குள் விழுந்திருந்தால் அறையைப் பிளக்காமல் தப்ப முடியாது. அழுத்திப் பொருத்திய கிராங்கைப் பிரித்து நேராக்குவதும் கொட்டகை வேலை அல்ல. அதை ஒப்புக்கொள்வதில் எந்த அவமானமும் இல்லை.

எதிர்முகாமினரையும் விடுவதற்கில்லை. ‘இதெல்லாம் எதற்கு, புதியது வாங்கு’ என்கிறார்கள். எவரிடம்? யமஹா பனிவண்டித் தொழிலை விட்டு விலகுவதாக 2023இல் அறிவித்து, 2025 மாடல்களோடு வட அமெரிக்காவில் முடித்துக்கொண்டது. நிறுவனம் போனபின்பும் வண்டி கொட்டகையில் நிற்கும். அதை அறிந்தவன் அதன் உரிமையாளனாக மட்டுமே இருப்பான். மின்னணுப் பூட்டுகளைப் பழுதுநீக்கத்துக்காகத் திறக்கலாம் என்று கனடா 2024இல்தான் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. அந்த உரிமைக்கு வாதாடியவர்கள் தியானம் செய்ய இடம் கேட்கவில்லை. தம் பொருள் ஏன் நின்றது என்று தாமே அறியும் உரிமையைக் கேட்டார்கள்.

அந்த அறிதலுக்குப் பெருஞ்செலவும் இல்லை. கட்டி முடித்த எஞ்சினின் உள்வாயிலையும் வெளிவாயிலையும் அடைத்து, கைப்பம்பால் சதுர அங்குலத்துக்கு 5, 6 பவுண்டு காற்றழுத்தம் ஏற்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முள் இறங்கினால் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வரும் இடத்தைத் தேட வேண்டும். அரைமணி நேர வேலை. பிஸ்டன் மாற்றிய களிப்பில் பக்கம் பக்கமாக எழுதும் நண்பர்களின் கட்டுரைகளில் இந்த அரைமணி நேரத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.