மேற்கோள் குறி போடாதது என் குற்றமா?

எங்கள் பென்ஷனர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைத் தயாரிப்பது என் பொறுப்பு. ஆயுள் சான்று கொடுக்காதவர் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி (*) போடுவோம். டைப்ரைட்டர் காலத்து வழக்கம். வயசான காலத்தில் லினக்ஸ் பழகிக்கொண்ட நான், பட்டியலை வரி வரியாகப் படித்து ஒரு வேரியபிளில் வைத்து, எக்கோ கட்டளையால் வரிசை எண்ணோடு எழுதச் சொல்லி ஐந்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்.

புதிதாகத் திறந்த ஒரு காலி ஃபோல்டரில் நின்று சோதித்தேன். கச்சிதம். பிறகு என் வழக்கமான ஃபோல்டரிலிருந்து ஓட்டி, முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, லஸ் முனையில் நாற்பது பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டேன். நட்சத்திரம் இரண்டாம் பக்கத்தில்தான் ஆரம்பம். அங்கே ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பதிலாக என் ஃபோல்டரில் இருந்த கோப்புகளின் பெயர்கள் மொத்தமும்! வாடகை ரசீது, மனைவியின் ஈசிஜி, கொலுப் படம், கூடவே ‘உயில்-இரண்டாம்-வரைவு’. இரண்டாம் வரைவு ஒன்று இருக்கிறது என்று என் மகன்களுக்கே தெரியாது. வீட்டில் நான்கு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

அடையாறில் இருக்கும் என் தங்கை பிள்ளை கம்ப்யூட்டர்காரன். “மாமா, வேரியபிளுக்கு ரெண்டு பக்கமும் டபுள் கோட் போடணும். நீங்க போடலை. தப்பு உங்களோடதுதான்” என்றான். இதைத்தான் நான் மறுக்கிறேன்.

பேஷ் என்கிற அந்த ஷெல் செய்வது இது. கோட் இல்லாமல் எழுதினால் வேரியபிளுக்குள் இருப்பதை வெளியே எடுக்கும். இடைவெளி கண்ட இடத்தில் துண்டாக்கும். துண்டில் நட்சத்திரமோ கேள்விக்குறியோ இருந்தால் அதைக் கோப்புப் பெயர்களைத் தேடும் உத்தரவாக எடுத்துக்கொள்ளும். நான் தபால் பிரிவில் இருந்தவன். உறைக்குள் ‘எல்லோரையும் அழைத்து வா’ என்று எழுதியிருந்தால், உறையைக் கொண்டு சேர்க்கவேண்டியவர் பிரித்துப் படித்து ஊரையே அழைத்து வந்தால் எப்படி இருக்கும்?

அதைவிட மோசம், பொருந்தும் கோப்பு எதுவும் இல்லையென்றால் நட்சத்திரத்தை அப்படியே விட்டுவிடும். அதனால்தான் காலி ஃபோல்டரில் சரியாக வந்தது. சோதனையில் பாஸ், சபையில் அவமானம்!

காரணம் இல்லாமல் இல்லை. ஸ்டீபன் போர்ன் எழுதி 1979-ல் வெளிவந்த யூனிக்ஸ் ஷெல்லில் பட்டியலை வைக்கத் தனி ஏற்பாடு கிடையாது. ஒரே வேரியபிளில் பல பெயர்களை அடைத்து, பிறகு பிரித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அது சௌகரியம். 1989-ல் வந்த பேஷும் அதையே தொடர்ந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய நம்மூர் பாஸ் லினக்ஸிலும் இருப்பது அதே பேஷ்தான். ஆனால் 1990-ல் பால் ஃபால்ஸ்டட் எழுதிய இஸட்-ஷெல், கேட்டாலொழிய வேரியபிளுக்குள் இருக்கும் நட்சத்திரத்தைத் தொடுவதில்லை. பெல் லேபில் டாம் டஃப் எழுதிய ஆர்சி ஷெல்லும் அப்படியே. ஆகவே முடியாத காரியம் இல்லை.

“மாத்தினா பழைய ஸ்கிரிப்ட் எல்லாம் உடைஞ்சுடும் மாமா” என்கிறான். அரசாங்கத்தில் விதி மாறாமலா இருந்தது? பழைய கேஸுக்குப் பழைய விதி, இன்ன தேதிக்குப் பிறகு புது விதி என்று ஆணை போடுவோம். பேஷிலேயே இந்த விரிவாக்கத்தை நிறுத்த ஒரு சுவிட்ச் இருக்கிறது. புதிதாக எழுதுகிறவனுக்கு அதை முதலிலேயே போட்டுக் கொடுத்தால் என்ன?

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். டிக்டே சொல்லும்போது வாத்தியார் ‘ஊவ்ரே லே கிய்மே’ என்பார், மேற்கோளைத் திற என்று. அடுத்தவர் பேச்சு வரப்போகிறது என்று அர்த்தம். மேற்கோள் குறியின் வேலை அதுதான். நம் வீட்டுச் சாமான் களவு போகாமல் இருக்கப் போடும் பூட்டு அல்ல.

எனக்கு எக்கோ என்பதால் மானம் மட்டும்தான் போனது. அந்த இடத்தில் அழிக்கும் கட்டளை இருந்திருந்தால் உயிலும் போயிருக்கும், ஈசிஜியும் போயிருக்கும். அப்போதும் மருமான் “கோட் போடலை மாமா” என்றுதான் சொல்லியிருப்பான்.

இந்த மாதப் பட்டியலுக்கு கோட் போட்டுவிட்டேன். நட்சத்திரத்தை எடுக்கவில்லை. உயில் மட்டும் இப்போது பென் டிரைவில், பீரோவுக்குள் இருக்கிறது.