எழுத்தெண்ணும் யாப்பு

யாப்பைக் கணக்கு எனக் கருதி அஞ்சுவோர் முதலில் சுட்டுவது கட்டளைக் கலித்துறையையே. ஒற்று நீக்கி எண்ணின், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து. நிரையசையில் தொடங்கின் 17. இவ்வரையறை பாவலனுக்கு இட்ட தளையாகத் தோன்றலாம். உண்மையில் அவ்வெண் வெண்டளையின் விளைவே.

அடிக்குச் சீர் ஐந்து, இறுதிச்சீர் விளங்காய். நேரசைக்கு ஓரெழுத்து, நிரையசைக்கு ஈரெழுத்து. மாமுன் நிரையும் விளமுன் நேரும் வருதலால், ஒரு சீரின் ஈற்றசையும் அடுத்த சீரின் முதலசையும் கூடுமிடந்தோறும் மூன்றெழுத்து அமையும். இடையே மாங்காய்ச்சீர் வரின், அதன் பின்னிரண்டு அசையும் வருஞ்சீரின் நேரசையும் சேர்ந்து அப்போதும் மூன்றே. விளங்காய் இடையில் நுழைந்தால் கணக்கு மிகும். இலக்கணம் அதனை அங்கு ஏற்பதில்லை. நான்கு கூடல்களுக்கு 12. இறுதிச்சீரில் எஞ்சிய இரண்டு அசைகளுக்கு 3. முதலசை நேராயின் ஒன்றும் நிரையாயின் இரண்டும் சேரும்.

அபிராமி அந்தாதி இந்த யாப்பில் அமைந்ததே. அதனை வாய்விட்டு ஓதுவோர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பதில்லை; தளை பிறழ்ந்தால் செவியே காட்டிக்கொடுத்துவிடும். ஆதலின் வகுப்பறையில் 16, 17 என்னும் எண்களை முதலில் மனப்பாடம் செய்விப்பது முறையன்று. பாடலை உரக்கப் படித்து ஓசை பழகிய பின்னரே எழுத்தெண்ணத் தொடங்குதல் வேண்டும்.