குறூப்பில் போட்டாச்சு என்றால் பிள்ளை படித்தாச்சு என்று அர்த்தமா?



சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது எங்கள் ஊர் வட்ஸ்அப் குறூப்புகளில் பீ.டி.எப் மழை பெய்யத் தொடங்கிவிடும். கடந்தகால வினாத்தாள், மாதிரி வினாத்தாள், புள்ளித்திட்டம், செயலட்டை, சுருக்கக் குறிப்பு என்று ஒரு பாடத்துக்குப் பத்துக் கோப்பு வந்தால் ஒன்பது பாடத்துக்கும் தொண்ணூறு. அனுப்புகிறவர்களின் நிய்யத்து நல்லதுதான், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிறகு வருகிற பேச்சுத்தான் எங்களை எழுத வைக்கிறது. "புள்ளையளுக்கு எல்லாத்தையும் குறூப்ல போட்டாச்சு, இனிப் படிக்கிறது அவங்கட வேல."

இல்லை, வேலை அங்கே முடியவில்லை. அனுப்பியது வேறு, வாசிக்கக்கூடியதாக அனுப்பியது வேறு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். எங்கள் வீடுகளில் இருக்கும் சாதாரண போன் திரையின் அகலம் சுமார் 7 சென்ரிமீற்றர். அதாவது பக்கம் மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது. 12 புள்ளி அளவில் அச்சிட்ட எழுத்து போனில் 4 புள்ளியாகிவிடும், ஒன்றரை மில்லிமீற்றர்கூட இல்லை. அந்த அளவில் 'ன'வும் 'ண'வும் ஒன்றாகத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். கணிதத்தில் அடுக்கு, இரசாயனத்தில் கீழே எழுதும் சிறிய இலக்கம் எதுவும் தெரியாது. பெருப்பித்தால் எழுத்துத் தெரியும், வரி தெரியாது. ஒரு பக்கத்தில் 35 வரி இருந்தால் 35 தடவை வலப்பக்கம் இழுத்து, 35 தடவை இடப்பக்கம் திரும்ப வேண்டும். கேத்திரகணித வினா என்றால் உரு ஒரு பக்கத்தில், வினா மறுபக்கத்தில். தாளில் கண்ணை மட்டும் திருப்பினால் போதும். போனில் உருவைப் பார்க்கப் போனால் வினா மறந்துபோகும், வினாவுக்கு வந்தால் உரு மறந்துபோகும்.

இதைச் சொன்னால் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "டிக்டொக் பார்க்கக்குள்ள கண் நோவல்லியாம், பேப்பர் பார்க்கத்தான் கண் நோவுதாம்!" கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் டிக்டொக் வீடியோவின் அளவே போன் திரையின் அளவுதான். அதை அந்தத் திரைக்காகவே எடுக்கிறார்கள். வினாத்தாள் மேசைக்காகச் செய்தது. ஆளுக்கு அளந்து தைத்த சட்டையையும் வாப்பாவின் சட்டையையும் ஒரே பிள்ளைக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஏன் இரண்டாவது பொருந்தவில்லை என்று பிள்ளையைக் கேட்க முடியாது. போனில் நேரம் வீணாகிறது என்பது உண்மை, அது தனியாகப் பேச வேண்டிய விடயம். அதைச் சாட்டாக வைத்து வாசிக்க முடியாத ஒன்றை வாசிக்கவில்லை என்று பிள்ளையைச் சோம்பேறியாக்க வேண்டாம். இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு "எனக்குப் படிப்பு ஏறாது" என்று முடிவெடுக்கிற பிள்ளைகளை வகுப்பறையில் சந்திக்கிறவர்கள் நாங்கள். பிழை பிள்ளையின் மூளையில் இல்லை, பக்கத்தின் அளவில் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை.

பீ.டி.எப் ஏன் இப்படி இருக்கிறது? 1993 இல் அடோபி நிறுவனம் இதை வெளியிட்டபோது நோக்கமே வேறு. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சியந்திரத்தில் அச்சிட்டாலும் பக்கம் ஓர் அணுவும் அசையக்கூடாது. 2008 இல் அது சர்வதேச நியமமாகவும் ஆனது. அசையாமல் இருப்பதுதான் அதன் பலம். சின்னத் திரைக்கு வரும்போது அதே பலம்தான் பலவீனம். வட்ஸ்அப் செய்தி திரைக்கேற்ப வரியை மடித்துக்கொள்ளும், எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாகக் கீழே இறங்கும். சாதாரணமாகத் திறக்கும் பீ.டி.எப் அப்படி மடியாது.

எங்கள் தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாடசாலைகளில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் பலர் தட்டச்சு செய்கிறார்கள். திரையில் அழகான தமிழ் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டினால் ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான் வரும். ஆகவே அந்தக் கோப்பில் ஒரு சொல்லைத் தமிழில் தேட முடியாது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குப் போன் வாசித்துக் காட்டவும் முடியாது. யூனிகோட்டில் அடித்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். தாளைப் போட்டோ எடுத்து பீ.டி.எப் ஆக்கினாலோ எழுத்தே இல்லை, படம் மட்டும்தான். கோப்பும் வீங்கிவிடும். உம்மாவின் போனில் இடமும் இருக்காது, டேட்டாவும் இருக்காது.

2018 இல் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. 54 ஆய்வுகள், 170,000 க்கும் அதிகமான வாசகர்கள். பாடம் போன்ற தகவல் சார்ந்த எழுத்தை வாசிக்கும்போதும், நேரம் குறித்து வாசிக்கும்போதும் திரையைவிடத் தாளில் வாசித்தவர்களே நன்றாக விளங்கிக்கொண்டிருந்தார்கள். கதை வாசிப்பில் அந்த வித்தியாசம் காணப்படவில்லை. எங்கள் பிள்ளைகள் போனில் வாசிப்பது கதையல்ல, நேரம் குறித்து எழுதப்போகும் பரீட்சைக்கான பாடம்.

அதற்காக பீ.டி.எப் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது எங்களிடம் இருந்த வழிகளில் அதுவும் ஒன்று. 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதையும் மறக்கவில்லை. நூலகம் இணையத்தளம் இல்லாவிட்டால் எங்கள் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் எத்தனை பேர் கண்ணால் கண்டிருப்போம்? பாதுகாத்து வைக்கவும் அச்சிட்டு எடுக்கவும் பீ.டி.எப் அருமையானது. கையடக்கத் திரையில் நேரே படிப்பதற்கு அதை அப்படியே தள்ளிவிடுவதுதான் பிழை.

என்ன செய்யலாம்?

ஆசிரிய நண்பர்களுக்கு:
1. அரைப் பக்கத்துக்குள் அடங்கும் குறிப்பை வட்ஸ்அப் செய்தியாகவே யூனிகோட்டில் அடித்து அனுப்புங்கள். ஐந்து வினா அனுப்ப ஒரு பீ.டி.எப் தேவையில்லை.
2. பீ.டி.எப் கட்டாயம் என்றால் வேர்ட்டில் பக்க அளவை ஏ6 ஆக மாற்றி, எழுத்தை 18 புள்ளியில் வையுங்கள், ஓரங்களைக் குறையுங்கள். ஏ6 இன் அகலம் 10.5 சென்ரிமீற்றர். போனில் மூன்றில் இரண்டாகச் சுருங்கும்போது எழுத்து 12 புள்ளியில் நிற்கும். உருவும் அதன் வினாவும் ஒரே பக்கத்தில் வரட்டும்.
3. தொண்ணூறு கோப்பு வேண்டாம். இந்த வாரத்துக்கு இது என்று ஒன்றை அனுப்புங்கள். கோப்பின் பெயரில் பாடம், தரம், அலகு இருக்கட்டும்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்:
1. போனைக் குறுக்காகப் பிடியுங்கள். 12 புள்ளி எழுத்து எட்டுப் புள்ளிக்கு மேல் வரும். ஒரு தடவையில் பக்கத்தின் மூன்றிலொரு பங்குதான் தெரியும், ஆனால் வரி முழுதாகத் தெரியும்.
2. வினாவைக் கொப்பியில் எழுதிவிட்டு போனை மூடிவைத்துச் செய்யுங்கள். உருவையும் கையால் வரையுங்கள். எழுதும்போதே பாதி விளங்கும்.
3. 1980 முதல் அரசாங்கம் பாடநூலை இலவசமாகத் தருகிறது. புத்தகம் பையில் இருக்க, அதே புத்தகத்தின் பீ.டி.எப்பைப் போனில் தேட வேண்டாம்.

கடைசியாக, பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெறுபேறு வந்த பிறகு மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, ஞாபகச் சின்னம் கொடுக்க எங்கள் ஊர்களில் ஆளுக்குக் குறைவில்லை. அந்தச் செலவில் ஒரு பகுதியைப் பரீட்சைக்கு முன்னர் கொண்டுவாருங்கள். ஊரிலுள்ள போட்டோகொப்பிக் கடையொன்றோடு பேசி, பாடசாலை தரும் பட்டியலின்படி வசதியில்லாத பிள்ளைகளுக்கு வினாத்தாள்களை அச்சிட்டுக் கொடுங்கள். பிள்ளையின் பெயர் வெளியே வரத் தேவையில்லை, போட்டோ எடுத்துப் போடவும் தேவையில்லை. ஒரு கட்டுக் கடதாசியும் ஸதகாதான்.

சித்தியடைந்த பிள்ளைக்குச் சின்னம் கொடுப்பது சந்தோசம். சித்தியடைய வேண்டிய பிள்ளைக்குத் தாள் கொடுப்பது கடமை.

உங்கள் ஊரில் இதற்கு வேறு நல்ல வழி ஏதும் செய்திருந்தால் கீழே எழுதுங்கள், நாங்களும் எடுத்துக்கொள்கிறோம். இதை வாசிக்கும் அதிபர்கள், ஆசிரியர்கள் தங்கள் குறூப்புகளிலும் பகிருங்கள். பீ.டி.எப் ஆக்காமல், இப்படியே.