நன்னம்பிக்கை ஒருவழிப் பாதையா?

தமிழாசிரியர்களுக்கும் கார் காப்பீட்டுக்கும் என்ன உறவு என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு முதலில் ஒரு சொல். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், தெய்வச்சிலையார், நச்சினார்க்கினியர், கல்லாடர் என்று வரிசையாக உரை கண்டவர்கள் உண்டு. ஒரு நூற்பாவுக்குப் பொருள் கொள்வதில் ஒருவரை ஒருவர் மறுத்தார்கள். படிப்பவன் தன் அறிவுக்குத் தக்கதை ஏற்றுக்கொண்டான். இன்று மதுரையில் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் பணம் கொடுத்து வாங்க வேண்டிய ஒரு பனுவல் இருக்கிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் அமைந்த அதற்கு உரையாசிரியர் எவருமில்லை. விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனமே உரையாசிரியராக வந்து நிற்கிறது. நூலை இயற்றியவரே உரையும் வகுத்துத் தீர்ப்பும் சொல்லிவிடுகிற இந்த விந்தையைப் பற்றிப் பேசத் தமிழ் படித்தவர்களுக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

நம்மிடம் படித்த மாணவர் ஒருவர். மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். மாட்டுத்தாவணி அருகே செல்போன் கடை வைத்திருக்கிறார். பழைய கார் ஒன்றை வாங்கி, இரண்டு ஆண்டுகளாகக் காசு சேர்த்துச் சேர்த்து அதைப் பந்தயக் காராக மாற்றினார். சைலன்சர் மாறியது, ஸ்பிரிங் மாறி வண்டி தரையோடு தாழ்ந்தது, அகலமான சக்கரங்கள் வந்தன, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி நிரலும் திருத்தப்பட்டது. பிறர் கண்ணுக்கு அது பழைய கார். அவருக்கு ஸ்போர்ட்ஸ் கார். ஒரு நாள் இரவு ஒத்தக்கடையில் சாலையோரம் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்தால் இடப்பக்கக் கதவுகள் இரண்டும் உள்ளே அமுங்கிக் கிடந்தன. பின்னோக்கி வந்த லாரி ஒன்று இடித்துவிட்டுப் போய்விட்டது. எண்ணைக் குறித்தவர் யாருமில்லை.

‘புல் கவர்’ பாலிசி இருந்தது. சர்வேயர் வந்தார். கதவுகளைப் படம் எடுத்தார். பிறகு குனிந்து சைலன்சரைப் படம் எடுத்தார். சில வாரங்களில் ஆங்கிலத்தில் இரண்டு வரிக் கடிதம் வந்தது. உற்பத்தியாளரின் வடிவமைப்பிலிருந்து வாகனம் மாற்றப்பட்டிருக்கிறது, அது தெரிவிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு இல்லை. “ஐயா, லாரி இடிச்சது கதவுல. சைலன்சர் என்னய்யா செஞ்சது?” என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. அவர் பாலிசியைப் புதுப்பித்தபோது அந்தப் படிவத்தில் மாற்றங்களைப் பற்றிக் கேள்வியே இல்லை. ஏஜெண்டிடம் வாய்விட்டுக் கேட்டதற்கு, “அதையெல்லாம் எழுதினா லேட்டாகும் தம்பி, விடுங்க” என்பதே பதிலாக இருந்ததாம்.

இனியாவது மறைக்காமல் காப்பீடு வாங்குவோம் என்று அவர் அலைந்த கதை இதைவிடச் சுவையானது. ஒரு நிறுவனம், மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துகொண்டு வரச் சொன்னது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், 2019 தீர்ப்புக்குப் பிறகு இதையெல்லாம் பதிய முடியாது என்றார்கள். இன்னொரு நிறுவனம், தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வேறெதுவும் கேட்காதீர்கள் என்றது. மூன்றாவது இடத்தில் எதையும் கேட்காமல் பணத்தை வாங்கிக்கொள்ள அணியமாக இருந்தார்கள். உண்மை சொன்ன இரண்டு இடத்தில் கதவு அடைபட்டது. வாயை மூடிக்கொண்டால் திறக்கிறது. ஓர் இளைஞனுக்கு நாம் இப்படித்தான் வாய்மையைக் கற்பிக்கிறோம்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். வண்டியை மாற்றுவதே சட்டமீறல். மீறியவனுக்குக் காப்பீடு எதற்கு? அழகர்கோயில் சாலையில் நள்ளிரவில் காது கிழிய வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும் விளக்குகளைப் பொருத்துகிறவர்களுக்கும் நாம் வக்காலத்து வாங்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு மாற்றமொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தது. நன்று, தண்டிக்கட்டும். ஆனால் தண்டிக்கும் வேலை நீதிமன்றத்துடையது. பிரீமியம் வாங்கிய நிறுவனம் இரண்டாவது நீதிபதியாக வந்து, சைலன்சர்க் குற்றத்துக்குக் கதவுச் செலவைத் தண்டமாக விதிப்பதற்கு எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது?

நிறுவனங்கள் இதற்கு ‘மிகு நன்னம்பிக்கை’ என்னும் கோட்பாட்டை எடுத்துக்காட்டுகின்றன. காப்பீடு கேட்பவன், தனக்குத் தெரிந்த முக்கியச் செய்தி அனைத்தையும், கேட்கப்படாவிட்டாலும், தானே முன்வந்து சொல்ல வேண்டும் என்பது அதன் பொருளாம். இந்தக் கோட்பாட்டின் பிறப்பிடத்தைச் சற்றே பார்ப்போம். 1766இல் இலண்டனில் மான்ஸ்பீல்டு பிரபு விசாரித்த வழக்கு. சுமத்திராவில் பெங்கூலன் என்னுமிடத்தில் ஆங்கிலேயர் கோட்டை ஒன்று இருந்தது. அது அயல்நாட்டுப் பகைவரிடம் வீழ்ந்தால் இழப்பை ஈடுசெய்யும் காப்பீட்டை அக்கோட்டை ஆளுநர் எடுத்திருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். கோட்டை வலுவற்றது என்பதை ஆளுநர் சொல்லவில்லை, ஆகவே பணம் தர மாட்டேன் என்றார் காப்பீடு தந்தவர். வழக்கில் தோற்றவர் யார் தெரியுமா? காப்பீடு தந்தவரேதான். அறிந்திருக்கக்கூடியதை அறிந்துகொள்ள முயலாமல், கேட்க வேண்டியதைக் கேட்காமல் பணத்தை வாங்கிக்கொண்டவர், பின்னர் ‘சொல்லவில்லையே’ என்று புலம்ப முடியாது என்பதே அங்கே நிலைபெற்றது. நன்னம்பிக்கை இரு தரப்புக்கும் உரியது என்பதும் அத்தீர்ப்பிலேயே இருக்கிறது. கோட்பாட்டைக் கடன் வாங்கியவர்கள் அதன் பாதியைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள் போலும்.

நம் உச்ச நீதிமன்றமும் இந்த வழியிலேயே பலமுறை நடந்திருக்கிறது. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில், ஓட்டுநர் உரிமம் தொடர்பான நிபந்தனை மீறப்பட்டது என்று காட்டினால் மட்டும் போதாது, அம்மீறல் விபத்துக்கு அடிப்படைக் காரணமாக இருந்ததா என்றும் பார்க்க வேண்டும் என்றது. சொந்த வண்டியை வாடகைக்கு விட்ட வழக்குகளில், 2008இலும் 2010இலும், முழுவதையும் மறுக்காமல் 75 விழுக்காடு வரை தருக என்றது. அவை வேறு மீறல்கள் பற்றியவை. பந்தயக் கார் பற்றியவை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இழப்புக்கும் மீறலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்ற அந்தக் கேள்வி ஒத்தக்கடைக் காருக்கும் பொருந்தாதா? நின்றிருந்த காரின் என்ஜின் நிரல் லாரியை அழைத்து வந்து இடிக்கச் சொன்னதா?

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. அதே கார் ஓடிக்கொண்டிருந்தபோது, விடியற்காலையில் சைக்கிளில் வந்த பால்காரர் ஒருவர் மேல் மோதியிருந்தால்? தேர்ட் பார்ட்டி காப்பீடு அந்தப் பால்காரருக்காகவே கட்டாயமாக்கப்பட்டது. அவருக்கு எதிராக நிறுவனம் சொல்லக்கூடிய மறுப்புகளைச் சட்டத்தின் 150ஆம் பிரிவு எண்ணித் தருகிறது: உரிமமின்மை, மது, ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயம் முதலானவை. சைலன்சர் மாற்றம் அப்பட்டியலில் இல்லை. ஆனால் ‘முக்கியச் செய்தியை மறைத்துப் பெற்ற பாலிசி’ என்றொரு புழைக்கடை வாசல் அங்கே திறந்திருக்கிறது. ‘எதையும் எழுதாதீர்கள்’ என்னும் ஏஜெண்டின் அறிவுரை அந்த வாசலுக்குத்தான் வழி காட்டுகிறது. பந்தயக் கார்க்காரரின் ஆசைக்கும் நிறுவனத்தின் சோம்பலுக்கும் நடுவில், இரண்டிலும் பங்கில்லாத ஒருவருடைய குடும்பம் தீர்ப்பாயப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்க நேரலாம். நம் சினத்துக்குக் காரணம் இதுவே.

மாற்றிய வண்டிக்குக் காப்பீடு தருவது இயலாத செயல் என்பார்கள். பொய். காரில் எரிவாயுக் கலன் பொருத்தினால் ஆர்.சி.யில் பதிந்து, கூடுதல் பிரீமியம் கட்டிக் காப்பீடு பெறலாம். பின்னர் பொருத்திய மின்சாதனங்களை மதிப்போடு தனியே அறிவிக்க 2002ஆம் ஆண்டின் மோட்டார் காப்பீட்டு விதித்தொகுப்பிலேயே இடமுண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கென மாற்றியமைத்த வண்டிகளுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதியைத் தள்ளுபடியாகத் தந்ததும் அதே தொகுப்புதான். பக்கச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டர்களை மதுரைத் தெருக்களில் நாள்தோறும் காண்கிறோம். அத்தகைய மாற்றத்துக்குப் பின்னேற்பு தரவும் 52ஆம் பிரிவு வழி செய்திருக்கிறது. ஆக, மனமிருந்த இடங்களில் மார்க்கமும் உண்டாயிற்று. 2019 திருத்தத்தில், மாற்றங்களுக்கான தரங்களையும் நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரம் நடுவண் அரசுக்குத் தரப்பட்டுள்ளது. அந்த அதிகாரம் எளியவனின் காருக்கும் எட்ட வேண்டும்.

மதுரைக்காரர்களிடம் வண்டியை மாற்றாதே என்று சொல்வதும் நகைப்புக்குரியது. 1911இல் இவ்வூரில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, அடுப்புக்கரியிலிருந்து வரும் வாயுவில் வண்டி ஓடும்படி கருவி செய்து விற்றது. உற்பத்தியாளரின் வடிவமைப்பில் அது இருந்ததா என்ன?

அயலார் எப்படிச் செய்கிறார்கள்? செருமனியில் மாற்றுப் பாகத்துக்குச் சான்று உண்டு. பரிசோதகர் பார்த்து ஏற்றால் அது வண்டியின் ஆவணத்தில் ஏறுகிறது. மாற்றிய கார்களுக்கென்றே தனிக் காப்பீடு விற்பவர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள். அங்கே 2012இல் ஒரு சட்டம் இயற்றி, நுகர்வோர் தாமாக முன்வந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்ற பழைய கடமையை நீக்கிவிட்டார்கள். கேட்ட கேள்விக்குத் தவறான விடை தராமல் தக்க கவனம் கொண்டால் போதும். கவனக்குறைவாகத் தவறு நேர்ந்தால் அதன் அளவுக்கு ஏற்பவே இழப்பீடு குறையும். கோட்பாட்டைப் பெற்ற நாடே அதைத் திருத்திக்கொண்டது. வாங்கிய நாம் மட்டும் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூசை செய்கிறோம்.

நம் கோரிக்கைகள் மூன்றே. மாற்றங்கள் பற்றிய கேள்வி ஒவ்வொரு படிவத்திலும், புதுப்பித்தலிலும், தமிழில் இருக்க வேண்டும். அறிவித்த மாற்றத்துக்கு ‘ஏற்கிறோம், இவ்வளவு கூடுதல்’ என்றோ ‘ஏற்கவில்லை’ என்றோ எழுத்தில் விடை வர வேண்டும். இழப்போடு தொடர்பில்லாத மாற்றத்தைக் காட்டி முழுத் தொகையையும் மறுக்கலாகாது.

இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மறைக்காதீர்கள். மாற்றுவதற்கு முன் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் விடை பெறுங்கள். ஏஜெண்டின் வாய்ச்சொல் வைகையில் எழுதிய எழுத்து. மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடமே முறையீடு கொடுங்கள். அங்கே தீராவிட்டால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிச் செல்லலாம். 50 இலட்சம் ரூபாய் வரை அவர் விசாரிக்கலாம். நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்திருக்கிறது. ஐயத்துக்கு இடமான சொல்லுக்கு, அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்னும் விதி சட்டத்தில் உண்டு. உரையாசிரியர்களுக்கும் கிட்டாத வசதி இது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நம் மாணவரின் முறையீட்டைச் சென்ற வாரம் அவரோடு அமர்ந்து எழுதினோம். இரண்டு வரிக் கடிதத்துக்கு நான்கு பக்கப் பதில். கதவுகள் இன்னும் அமுங்கியபடியே இருக்கின்றன. பழைய சைலன்சரை மீண்டும் பூட்டியிருக்கிறார். கையெழுத்துப் போடும் முன், அந்தப் பாலிசியை முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டும்படி கேட்டார். வரிவரியாகப் படித்துப் பொருள் சொன்னோம். முடிக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று.