தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை

2015 ஜனவரி 31, நள்ளிரவு தாண்டிய நேரம். ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. சேறு பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் பாய்ந்தது. அங்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அதைச் சுவர் இடிந்த விபத்தாகத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் அதை ரசாயன விபத்து என்கிறேன். எப்படிப் பெயர் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது முடிவாகிறது.

ஜவ்வாது மலை கிராமங்களிலிருந்து வேலைக்காக இறங்குகிறவர்களைப் பற்றி ஆய்வு செய்துவருகிறேன். ஆலங்காயம் பக்கம் மலையடிவாரச் சேரி ஒன்றுதான் என் ஊர். மலையில் 2015 என்று சொன்னால் எல்லோரும் சொல்வது ஏப்ரல் 7ஐத்தான். சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்ற இருபது பேரில் பலர் இந்த மலைக்காரர்கள். அந்தத் துயரத்துக்கு இரண்டே மாதம் முன்பு நடந்த ராணிப்பேட்டைச் சாவுகளை மலையில் அநேகமாக யாரும் சொல்வதில்லை. ஆனால் மரம் வெட்டப் போகப் பயந்துபோய், மேஸ்திரியோடு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று கீழே இறங்கியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். துப்பாக்கிக்குப் பயந்தவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அது போபாலின் பிணங்கள் மேல் எழுதப்பட்ட சட்டம். 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்தபோது, ஊருக்கான சைரன் சற்று நேரத்திலேயே நிறுத்தப்பட்டது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் வாயு போன திசையிலேயே ஓடியவர்கள் உண்டு. மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் எதைச் சுவாசித்தார்கள் என்பது மருத்துவர்களுக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. 1989இல் அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் விதிகளும், 1996இல் ரசாயன விபத்துகளுக்கான விதிகளும் வந்தன. 1989 விதிகளின்படி ஆலைக்குள் ஓர் அவசரத் திட்டம், ஆலைக்கு வெளியே மாவட்ட நிர்வாகத்தின் அவசரத் திட்டம், சுற்றியிருக்கும் மக்களுக்கு ஆபத்து என்ன, என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று முன்கூட்டியே தெரிவிப்பது எல்லாமே கட்டாயம். 1996 விதிகளோ தொழிற்பேட்டை அளவில் நெருக்கடிக் குழு அமைத்து, அதில் ஊர்த் தலைவர் ஒருவரையும் சேர்க்கச் சொல்கின்றன. கேட்டால் தகவல் தரவும் சொல்கின்றன.

எண்ணூருக்கு வருவோம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன், கோரமண்டல் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் அடித்திருந்தது. குழாயின் மேல் போடப்பட்ட பாறைகள் புயலில் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது அரசு அமைத்த குழு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். போபால் முடிந்து முப்பத்தொன்பது வருடம் கழித்தும், கண் எரிவதும் மூச்சு அடைப்பதும்தான் குப்பத்துக்குக் கிடைத்த எச்சரிக்கை.

தகவல் என்று நான் சொல்வது ஏதோ பெரிய விஞ்ஞானம் இல்லை. அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போனால் தப்பிக்க வழி உண்டு. ஐந்து நிமிடத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே சொல்லிக் கொடுக்கலாம்.

அதே ஈரத்துணியை நம்பித் தோல் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கினால் சாவுதான். முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்த்துத் தோலை ஊறப்போடுகிறார்கள். அதற்குப் பிந்தைய கட்டத்தில் அமிலம் சேர்க்கிறார்கள். இரண்டின் கழிவும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். அது காற்றைவிடக் கனம், அடியிலேயே தங்கும். சேற்றைக் கிளறினால் சிக்கியிருந்த வாயுவும் சேர்ந்து கிளம்பும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடியதும் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று மேலே நிற்பவர் சொல்கிற அந்த நேரம்தான் ஆள் சாகிற நேரம். முதல் ஆள் சாய்ந்ததும் தூக்கப் போனவர் சாய்வார், அவரைத் தூக்கப் போனவரும் சாய்வார். பாலாற்றங்கரைச் செய்திகளில் ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செத்துப்போவது இப்படித்தான். வாயு அளக்கும் கருவி, காற்று செலுத்தும் இயந்திரம், முழு சுவாசக் கருவி, மேலிருந்து இழுக்கும் கயிறு இவை இல்லாமல் காப்பாற்றவும் இறங்கக் கூடாது என்பதை அவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்கள்?

இங்கேதான் சட்டத்தின் ஓட்டைகள் தெரிகின்றன. விதிகள் ஆபத்தை டன் கணக்கில் பார்க்கின்றன. பட்டியலில் உள்ள ரசாயனத்தை இவ்வளவுக்கு மேல் சேமித்து வைத்தால்தான் அவசரத் திட்டத்துக்கும் அறிவிப்புக்கும் வேலை. தொட்டிக்குள் பிறக்கிற வாயுவை யாரும் வாங்குவதில்லை, சேமிப்பதில்லை, அதற்கு ரசீதும் இல்லை. ஆளைக் கொல்லச் சில மூச்சு போதும். ஆகவே அது அந்தக் கணக்கில் வராது.

மனிதர்களும் அப்படித்தான் விடுபடுகிறார்கள். சட்டத்துக்கு இரண்டு பேரைத்தான் தெரியும்: வேலிக்குள் இருக்கும் தொழிலாளி, வேலிக்கு வெளியே இருக்கும் குடியிருப்பாளர். ராணிப்பேட்டையில் இறந்தவர்கள் உடைந்த தொட்டியின் தொழிலாளர்கள் இல்லை, அந்த ஊரின் வாக்காளர்களும் இல்லை. பக்கத்து ஆலைக்குள் தூங்கியவர்கள். மேஸ்திரியோடு வந்து, வேலை செய்யும் இடத்திலேயே படுத்து எழும் மலைக்காரரும் அதே இடைவெளியில்தான் இருக்கிறார். புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம்கூட மாநில எல்லை தாண்டியவர்களைத்தான் கணக்கில் எடுத்தது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஆம்பூருக்குப் போகிறவர் தாண்டுவது மாவட்ட எல்லையை மட்டும். திருவண்ணாமலை கலெக்டருக்கு அவர் ஊரில் இல்லாதவர், திருப்பத்தூர் கலெக்டருக்கு அவர் வந்தே சேராதவர். பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி என்று நம்மைப் பட்டியல் போட்டு வைத்திருக்கும் அரசு, உயிர் காக்கும் பட்டியலில் மட்டும் நம்மைத் தவறவிடுகிறது.

இது தற்செயல் இல்லை. தோலின் ஈர வேலை, நாற்ற வேலை, தொட்டி வேலை எல்லாம் யாருக்கு என்பதை இந்தப் பள்ளத்தாக்கில் சாதிதான் முடிவு செய்தது. சேரிப் பிள்ளைகள் படித்து விலகினால் அந்த இடத்துக்கு வங்காளியும் மலையாளிப் பழங்குடியும் வருகிறார்கள். ஆள் மாறினாலும் "அவங்களுக்கு இது பழக்கம்" என்கிற பேச்சு மாறுவதில்லை. பழகிய உடம்புக்குப் பாதுகாப்பு எதற்கு என்பதுதான் அந்தப் பேச்சின் உள்ளர்த்தம்.

சூழலியல் நண்பர்களிடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. நம் பாலாற்றின் வழக்கு அது, பெருமைதான். ஆனால் ஆற்றுக்கும் விளைநிலத்துக்கும் கேட்ட முன்னெச்சரிக்கையைத் தொட்டிக்குள் இறங்குகிற உடம்புக்கு யாரும் அதே குரலில் கேட்கவில்லை.

கேட்டால் ஆலை வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்பார்கள். வாயு அளக்கும் கருவி வாங்கச் சொன்னதற்காக மூட்டை கட்டுகிற முதலாளி, ஏற்கெனவே நம் உயிரை வைத்துத்தான் லாபக் கணக்குப் போட்டிருக்கிறார்.

பெயரை மாற்ற முடியும் என்பதற்கு நம்மிடமே முன்னுதாரணம் இருக்கிறது. மலக்குழி மரணங்களும் ஒரு காலத்தில் வெறும் விபத்துதான். சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் ஊர் ஊராகப் போய் எண்ணியது, வழக்குப் போட்டது. 2014இல் உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் இழப்பீடு என்றது, 2023 அக்டோபரில் முப்பது லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதை இன்று யாரும் தலைவிதி என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

ஆலைத் தொட்டிகளிலும் இந்தக் கணக்கெடுப்பை நாம் தொடங்க வேண்டும். திருப்பத்தூர், ராணிப்பேட்டை, வேலூர் மாவட்டங்களின் ஆலைக்கு வெளியேயான அவசரத் திட்டத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். நெருக்கடிக் குழுவில் ஊர்த் தலைவர் என்ற பெயரில் யாரை உட்கார வைத்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று கேட்கலாம். ஒவ்வொரு தொட்டியின் மேலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தமிழிலும் வங்காளியிலும் இந்தியிலும் எழுத வேண்டும், ஆலைக்குள் யாரையும் படுக்க வைக்கக் கூடாது என்று கேட்கலாம். மலை கிராமங்களில் வேறு கேள்வி: எந்த மேஸ்திரி, எத்தனை பேரை, எந்த ஆலைக்குக் கூட்டிப் போனார்? அந்தப் பதிவேட்டை ஊராட்சி வைத்திருக்கக் கிராம சபைத் தீர்மானம் போதும். அடுத்த கிராம சபைக்கு இரண்டு ஊர்களில் தீர்மான வரைவு தயாராகிவருகிறது. மூன்றாவது ஊரில் எழுதித் தர ஆள் தேவைப்படுகிறது.