நாலு ஆண்டெனா, ரெண்டு ஆசை

ரவுட்டர் வாங்கப் போன ரூம்மேட் கேட்டான்: "நாலு ஆண்டெனா இருந்தா நாலு மடங்கு வேகமாடா மச்சி?" என் மாஸ்டர்ஸ்ல பாதி இந்தக் கேள்வியிலதான் ஓடுது. வேகம் வரும், ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு.

வயர்லெஸ் சிக்னல் சுவர், கட்டடம்னு மோதிப் பல வழியா வந்து சேரும். சில சமயம் ஒன்னையொன்னு அழிச்சிக்கிட்டு காணாமலே போயிடும். இதுதான் ஃபேடிங்.

ஊருக்கு அவசரமா சேதி அனுப்பணும், கையில ரெண்டு ஆள் இருக்காங்கன்னு வைங்க. ஒரே சேதியை ரெண்டு பேர்கிட்டயும் சொல்லி வேற வேற வழியில அனுப்பினா, ஒருத்தர் மாட்டிக்கிட்டாலும் இன்னொருத்தர் போய்ச் சேர்ந்துடுவார். இது டைவர்சிட்டி. ஆளுக்கொரு சேதின்னு அனுப்பினா ரெண்டு மடங்கு விஷயம் போகும், ஆனா மாட்டினவரோட சேதி போச்சு. இது மல்டிப்ளெக்சிங்.

1998ல வந்த அலமூட்டி கோட் முதல் கட்சி. பெல் லேப்ஸோட பிளாஸ்ட் ரெண்டாவது கட்சி. எது ஒசத்தின்னு கேட்டுக்கிட்டிருந்தப்போ, பெர்க்லி பேராசிரியர் டேவிட் ட்சேயும் அவர்கிட்ட பிஎச்டி பண்ணின லிஜோங் ஜெங்கும் 2003ல ஒரு பேப்பர் போட்டாங்க. கேள்வியே தப்பு, ரெண்டும் ஒரே கோட்டோட ரெண்டு முனைன்னு அது காட்டிடுச்சு.

கணக்கு ரொம்ப சுலபம். ரெண்டு பக்க ஆண்டெனா எண்ணிக்கையிலயும் ஸ்ட்ரீம் எண்ணிக்கையைக் கழிச்சு, மிச்சத்தைப் பெருக்குங்க. அதுதான் கையில மிஞ்சுற டைவர்சிட்டி. பக்கத்துக்கு 4 ஆண்டெனான்னா 16ல ஆரம்பிக்கும். அப்புறம் ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் 9, 4, 1, கடைசியில 0. அதாவது முதல் ஸ்ட்ரீமுக்கு 7 கொடுக்கணும், கடைசி ஸ்ட்ரீமுக்கு வெறும் 1. முதல் அடிதான் இருக்கறதுலயே காஸ்ட்லி!

டைவர்சிட்டி 1ன்னா சிக்னல் பலத்தை 10 மடங்கு ஏத்தினாலும் பிழை ஏறக்குறைய 10ல ஒரு பங்காத்தான் குறையும். 4ன்னா 10,000ல ஒரு பங்கு. அந்த எண்ணை லேசா விட்டுடாதீங்க.

இந்தக் கோட்டைத் தாண்ட யாராலயும் முடியாது, தொட முடியும். 2005ல வந்த கோல்டன் கோட் பக்கத்துக்கு 2 ஆண்டெனாவுல முழுசாவே தொட்டுச்சு. தங்க விகிதம் 1.618 உள்ளே இருக்கறதாலதான் அந்தப் பேரு.

ஆக, கோட்டுல எங்க நிக்கணும்கறதை ஆண்டெனா சொல்லாது, அனுப்புற விஷயம்தான் சொல்லணும். டவுன்லோட் பண்ற படத்துல ஒரு பாக்கெட் தொலைஞ்சா திரும்ப அனுப்பிக்கலாம். அம்மா போன்ல பேசறப்போ தொலைஞ்ச வார்த்தைக்குக் காத்திருக்க நேரமில்லை.

அடுத்த வாரம் சேனல் எஸ்டிமேஷன். வர்ட்டா?