படம் தீர்ப்பு ஆகாது

"எல்லாத்தையும் போனில பிடிக்கிறாங்கள். பிறகேன் நடுவர்?" மார்ச் மாதத்தில் இணுவில் சந்தியில் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழாமல் போகாது. பள்ளிக்கூடங்களின் பெரும் துடுப்பாட்டப் போட்டிகள் நடக்கும் காலம் அது. 1904 இல் தொடங்கிய யாழ். மத்திய கல்லூரி – பரியோவான் கல்லூரி ஆட்டம் வடக்கின் பெரும் போர். எங்கள் ஊருக்கு அடுத்த கொக்குவில் இந்துவும் யாழ். இந்துவும் ஆடுவது இந்துக்களின் போர். இப்போது இவற்றை வீட்டிலிருந்தே நேரலையில் பார்க்கலாம். ஒரு ரன் அவுட் பிழைத்துவிட்டது என்று யாருக்காவது பட்டால், பொழுதுபடுமுன் அந்தத் துண்டு வட்ஸ்அப்பில் ஸ்காபரோவையும் ஹரோவையும் சுற்றி, சிவப்பு வட்டம் ஒன்றும் போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடும். கூடவே ஒரு கோரிக்கையும் வரும்: சர்வதேச ஆட்டங்களில் உள்ள மீளாய்வு இங்கும் வேண்டும். கமராதான் இருக்கிறதே, படத்தை நடுவருக்குக் காட்டினால் முடிந்தது, அநியாயம் ஒழிந்துவிடும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கோரிக்கையைத் தாங்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால், பல இடங்களில் வெறுங்குடத்தின் ஓசைதான் கேட்கிறது.

முதலாவது, கமரா பொய் சொல்லாது என்பது. கணக்குப் பார்ப்போம். சாதாரண நேரலை விநாடிக்கு 25 அல்லது 30 படங்கள் பிடிக்கிறது. மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து விநாடிக்கு 33 மீற்றர் போகும். 25 படம் என்று வைத்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பந்து 1.3 மீற்றர் கடந்திருக்கும். ஸ்டம்பிலிருந்து கிரீஸ் கோடு இருக்கும் தூரமே 1.22 மீற்றர்தான். முதலில் துடுப்பில் பட்டதா, காலில் பட்டதா என்ற கேள்விக்கான விடை இரண்டு படங்களுக்கு நடுவே காணாமல் போகிறது. ரன் அவுட்டிலும் இதே கதைதான். ஓடி வருகிறவர் விநாடிக்கு 7 மீற்றர் ஓடினால், படத்துக்குப் படம் 28 சென்ரிமீற்றர் நகர்வார். ஒரு படத்தில் பெயில்ஸ் இருக்கிறது, துடுப்பு கோட்டுக்கு வெளியே. அடுத்ததில் பெயில்ஸ் இல்லை, துடுப்பு உள்ளே. எது முந்தியது? படத்துக்குத் தெரியாது. சிவப்பு வட்டத்தை எந்தப் படத்தில் போடுகிறோம் என்பது நாங்கள் எந்தப் பள்ளிக்கூடம் என்பதைப் பொறுத்தது.

கோணமும் இருக்கிறது. ரன் அவுட் பார்க்கக் கமரா கிரீஸ் கோட்டுக்கு நேர் பக்கத்தில் நிற்க வேண்டும். எல்.பி.டபிள்யூ. பார்க்க இரண்டு பக்க ஸ்டம்புகளையும் இணைக்கும் நேர்கோட்டில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கமரா உதவாது. எங்கள் நேரலைக் கமராவோ நிழலும் மின்சாரமும் கிடைக்கிற கொட்டகைக்குள் நிற்கிறது. அங்கிருந்து இழுத்துப் பெருப்பித்தால் முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் ஒட்டிக்கொள்ளும். புல்லுக்கு மேலே ஏந்திய பந்து புல்லைத் தொட்டதுபோல் தெரியும். பணமும் கமராவும் நிறைந்த இடத்திலேயே இந்தச் சங்கடம் தீரவில்லை. 2024 ஜூன் 29 அன்று பார்படோஸில் நடந்த இருபதுக்கு இருபது உலகக்கிண்ண இறுதியாட்டத்தில் டேவிட் மில்லரின் அடியைச் சூர்யகுமார் யாதவ் எல்லையில் பிடித்தாரே, அவருடைய சப்பாத்து கயிற்றில் பட்டதா, கயிறே முன்பிருந்த இடத்தில் இருந்ததா என்று இன்றும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சர்வதேச ஆட்டத்தில் மீளாய்வு நன்றாக வேலை செய்கிறதே என்று கேட்கலாம். செய்கிறது. அதை மறுக்கும் தகுதி இலங்கையருக்குக் குறைவு. 2007 நவம்பரில் ஹோபார்ட்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகக் குமார் சங்கக்கார 192 ஓட்டங்களுடன் நின்றார். தோளிலும் தலைக்கவசத்திலும் பட்டுப் போன பந்துக்கு நடுவர் ரூடி கேர்ட்சன் விரலைத் தூக்கினார். பிறகு மன்னிப்பும் கேட்டார். அதிலிருந்து எட்டு மாதத்தில், 2008 ஜூலையில், டி.ஆர்.எஸ். எனப்படும் இந்த மீளாய்வு முறை முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில்தான், இந்தியாவுடனான டெஸ்ட் ஆட்டத்தில். மீளாய்வால் ஆட்டமிழந்த முதல் ஆள் சேவாக். அந்தத் தொடரில் இலங்கை கேட்ட மீளாய்வுகளில் 11 பலித்தன. இந்தியாவுக்கு ஒன்றே ஒன்று. அதன் பிறகு 2016 வரை இந்தியா டி.ஆர்.எஸ். என்றாலே முகத்தைத் திருப்பியது வேறு கதை. வீரர்களே மீளாய்வு கேட்கும் யோசனையை 1997 இல் ஓர் அவுஸ்திரேலியப் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதியவர் தானே என்று செனக வீரரத்ன என்ற இலங்கைச் சட்டத்தரணி நெடுங்காலமாக உரிமை கோரி வருகிறார். "மனிதப் பிழையும் ஆட்டத்தின் அழகு" என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒட்டில்லை. 192 இல் வெளியேறியவரிடம் போய் அந்த அழகை விளக்கட்டும்.

ஆனால் அங்கே வேலை செய்வது கைத்தொலைபேசிப் படம் அல்ல. பந்தைத் தொடர்வதற்கென்றே அளவெடுத்துப் பொருத்திய அதிவேகக் கமராக்கள், ஸ்டம்புக்குள் ஒலிவாங்கி, அதற்கெனப் பழகிய மூன்றாவது நடுவர் எல்லாம் சேர்ந்த ஏற்பாடு அது. அதுகூடத் தன் எல்லையை ஒத்துக்கொள்கிறது. எல்.பி.டபிள்யூ.வில் பந்தின் பாதிக்கும் குறைவான பகுதிதான் ஸ்டம்பில் படும் என்று கணிப்பு வந்தால் மைதான நடுவர் சொன்னதே நிற்கும். "கொஞ்சம் பட்டாலும் பட்டதுதானே, இதென்ன ஏமாற்று?" என்று கோபப்படாதவர்கள் குறைவு. காலில் பட்டதற்குப் பிறகு அந்தப் பந்து போன பாதை என்று ஒன்றே கிடையாது. திரையில் ஸ்டம்பை நோக்கி நீளும் கோடு கணினி போட்ட கணக்கு. கணக்குக்குப் பிழைவரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் நடுவரின் கண்ணை நம்புவோம் என்று தொழில்நுட்பத்தை நன்கு அறிந்தவர்களே முடிவு செய்திருக்கிறார்கள். கொட்டகைக் கமராவை வைத்திருக்கும் நாங்கள் அவர்களை விட உறுதியாகப் பேசுகிறோம்.

இனி எல்லாவற்றிலும் பெரிய நம்பிக்கை: பிழையான தீர்ப்பை மாற்றிவிட்டால் நீதி திரும்பிவிடும்.

2024 ஜூன் 10, நியூயோர்க். அதே உலகக்கிண்ணத்தில் தென்னாபிரிக்கா 113 ஓட்டங்கள் எடுத்தது. துரத்திய பங்களாதேஷின் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், ஒட்னீல் பார்ட்மன் வீசிய பந்து மஹ்முதுல்லாவின் காலில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டியது. நடுவரோ எல்.பி.டபிள்யூ. கொடுத்துவிட்டார். மீளாய்வில் பந்து ஸ்டம்பில் படாது என்று தெரிந்து தீர்ப்பு மாறியது. மஹ்முதுல்லா நின்றார், ஆனால் அந்த நான்கு ஓட்டங்கள் வரவில்லை. நடுவர் ஆட்டமிழப்புக் கொடுத்த பந்து அத்தோடு செத்த பந்து. தீர்ப்பு பிறகு மாறினாலும் பந்து உயிர்க்காது என்பது விதி. பங்களாதேஷ் 109 இல் முடிந்தது. தோல்வி நான்கு ஓட்டங்களால்.

விதியை எழுதியவர்கள் மடையர்கள் அல்ல. விரல் உயர்ந்ததைக் கண்டதும் களத்தடுப்பாளர்கள் கொண்டாட ஓடுவார்கள், பந்தைத் துரத்த மாட்டார்கள். அந்த நேரத்தில் ஓடிய ஓட்டங்களைக் கணக்கில் சேர்த்தால் அநியாயம் மற்றப் பக்கம் சாயும். பிழையான விரலைப் பிறகு இறக்கலாம். ஆனால் அது உயர்ந்த கணத்தில் பதினொரு பேர் ஓட்டத்தை நிறுத்தினார்களே, அதைத் திருப்பி ஓட்ட எந்தக் கமராவாலும் முடியாது.

இதே முடிச்சை அமெரிக்கர்கள் பேஸ்போலில் அவிழ்க்கப் பார்த்துக் களைத்திருக்கிறார்கள். அந்த ஆட்டத்தில் இரண்டு பக்கக் கோடுகளுக்குள் விழும் அடி ஃபெயார், வெளியே விழுந்தால் ஃபவுல். ஃபவுல் என்று நடுவர் கையை விரித்ததும் பந்து செத்துவிடும். 2009 ஒக்டோபர் 9 அன்று யாங்கிகள் அணிக்கு எதிரான முக்கியமான ஆட்டத்தில் மினசோட்டாவின் ஜோ மாவர் அடித்த பந்து கோட்டுக்கு உள்ளே, நன்றாக உள்ளேதான், விழுந்தது. அந்தக் கோட்டைப் பார்ப்பதற்கென்றே அருகில் நிறுத்தப்பட்ட நடுவர் பில் கூசி ஃபவுல் என்றார். அப்போது ஹோம் ரன்னுக்கு மட்டும்தான் மீளாய்வு. மினசோட்டா தோற்றது. 2014 முதல் மேல்மட்ட ஆட்டத்தில் மீளாய்வு விரிந்தது, பல்கலைக்கழக ஆட்டங்களுக்கும் வந்தது. ஃபெயார் என்று விட்டுவிட்டுப் பிறகு ஃபவுலாக்குவது சுலபம். எல்லாரும் பழைய இடத்துக்குத் திரும்பினால் சரி. ஃபவுலை ஃபெயாராக்கினால், ஓடாமல் நின்றவர்கள் ஓடியிருந்தால் எந்தத் தளம் வரை போயிருப்பார்கள் என்று நடுவர்கள் ஊகித்து அங்கங்கே நிறுத்த வேண்டும். படம் பார்த்துத் திருத்திய தீர்ப்பின் இரண்டாம் பாதி திரும்பவும் நடுவரின் மனக்கணக்குத்தான்.

கமரா இருந்தால் சர்ச்சையே இராது என்பதற்கு அஞ்சலோ மத்யூஸ் ஒருவரே போதும். 2023 நவம்பர் 6, டெல்லி. தலைக்கவச வார் அறுந்து நின்றவரை நேரம் கடந்ததாக ஆட்டமிழக்கச் செய்தார்கள். இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டேன் என்று அவர் படங்களைக் காட்டினார். இரண்டு நிமிடத்துக்குள் பந்தை எதிர்கொள்ள ஆயத்தமாகவில்லை என்றார் நான்காவது நடுவர். படத்தில் நேரம் இருந்தது. ஆயத்தம் என்றால் என்ன என்பது படத்தில் இல்லை. விம்பிள்டன் டென்னிஸைப் பாருங்கள்: கோடு பார்க்கும் மனிதர்களையே 2025 இல் அனுப்பிவிட்டு, அந்த வேலையைக் கருவியிடம் கொடுத்தார்கள். அந்த ஆண்டே மையத்திடலில் பவ்லுச்சென்கோவாவின் ஆட்டத்தில் அந்தக் கருவி ஒரு பகுதிக்கு நிறுத்தப்பட்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. வெளியே விழுந்த பந்துக்குக் குரல் வரவில்லை. புள்ளியைத் திரும்ப ஆடச் சொன்னார் நடுவர்.

கடைசியாக, செலவில்லை, இருக்கிற நேரலையே போதும் என்ற வாதம். எங்கள் ஊர்களில் கமராவைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் இரண்டு கல்லூரிகளில் ஒன்றின் பழைய மாணவர், அல்லது அவர்கள் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டவர். அவர் பந்தைப் பின்தொடர்ந்தாரா, கொடி பிடித்து ஆடும் கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தாரா என்பது அந்த நேரத்து அதிர்ஷ்டம். ஒரு ரன் அவுட்டுக்குப் படம் இருக்கும், அடுத்ததற்கு இராது. படம் உள்ள தீர்ப்பை மட்டும் திருத்தினால் அது ஒரு பக்கத்துக்கு மட்டும் கிடைக்கும் நீதி. இரண்டு கல்லூரிக் கொட்டகைகளும் மேளத்தோடு நிற்கும் மைதானத்தில், அந்தச் சின்னத் திரையைச் சுற்றி யார் யார் வந்து குவிவார்கள் என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பணம் திரட்டத்தான் போகிறோம் என்றால், வேறு வேலைகள் காத்திருக்கின்றன. விரிப்புப் போட்ட ஆடுகளத்தில் கிரீஸ் கோடு மதியத்துக்குள் அழிந்துவிடும். அதை ஒவ்வொரு இடைவேளையிலும் திரும்ப அடிக்க ஓர் ஆளைப் பொறுப்பாக வைக்கலாம். இரண்டு கல்லூரிகளோடும் தொடர்பில்லாத நடுவர்களைக் கொண்டுவந்து, தங்க இடமும் முறையான கொடுப்பனவும் கொடுக்கலாம். ரன் அவுட்டுக்கு எங்கே ஓடி நிற்பது என்று பருவம் தொடங்குமுன் இரண்டு நாள் பயிற்சி வைக்கலாம். நேரலைப் பதிவு வீணாகாது. முழுப் பதிவையும், வெட்டாமல், வட்டம் போடாமல், ஏப்ரலில் அதே நடுவர்கள் உட்கார்ந்து பார்க்கட்டும். தேநீருக்கும் வடைக்கும் ஆகும் செலவைப் பழைய மாணவர் சங்கங்கள் இரண்டும் பாதி பாதியாக ஏற்கட்டும்.